பக்கவாதத்துக்கு ரத்தத்தில் உயிர்க்குறிப்பான்: மரபணு வெளிப்பாட்டுத் தரவு உண்மையில் எதைக் காட்டுகிறது?

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்த்தகவலியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வின் (எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. உருவாகியிருக்கிறது என்று அளப்பதன்) வழியே உயிர்க்குறிப்பான்களை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அளவுகளைக் கண்டறிவது என்பதுதான் என் ஆய்வேட்டின் தலைப்பு. புதிதாக ரத்த மாதிரி சேகரிக்க எங்கள் துறையில் வசதி இல்லை. ஆகவே ஜி.இ.ஓ. பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து ஜி.எஸ்.இ. 16561, 58294, 22255 ஆகிய மூன்று தொகுப்புகளை எடுத்திருக்கிறேன். மூன்றையும் ஒன்றாக இணைத்து, காம்பேட் முறையால் தொகுதி வேறுபாட்டை (வெவ்வேறு இடங்களில் அளந்ததால் வரும் வேறுபாட்டை) நீக்கி, லிம்மா என்ற புள்ளியியல் நிரல் கொண்டு வெளிப்பாடு மாறிய மரபணுக்களைப் பிரித்து, பிறகு லாஸோ முறையில் ஐந்து முதல் பத்து மரபணுக்கள் வரை தேர்ந்தெடுப்பது என் திட்டம்.

முன்னோட்டமாகச் செய்து பார்த்ததில் ஏ.ஆர்.ஜி.1, எம்.எம்.பி.9, எஸ்100ஏ12, எல்.ஒய்.96 ஆகியவை நோயாளிகளிடம் உயர்ந்தும், சி.சி.ஆர்.7 தாழ்ந்தும் வருகின்றன. ஆர்.ஓ.சி. வளைகோட்டின் பரப்பளவு ஏறத்தாழ ஒன்றைத் தொடுகிறது (ஒன்று என்றால் நோயாளிகளும் மற்றவர்களும் பிழையின்றிப் பிரிகிறார்கள், அரை என்றால் வெறும் ஊகம்). முடிவு இவ்வளவு அழகாக வருவதே எனக்குத் தயக்கத்தைத் தருகிறது. இந்தப் பட்டியலுக்கு மருத்துவ ரீதியில் பொருள் உண்டா, எழுதத் தொடங்கும் முன் நான் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைக்கரை (நரம்பியல் மருத்துவர்)

வணக்கம், நொய்யல். புள்ளியியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதால், நோயாளியின் படுக்கையருகே நின்று நான் கேட்கும் கேள்வியை மட்டும் முன்வைக்கிறேன்.

அவசரப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று: இது பக்கவாதம்தானா, ஆம் என்றால் அடைப்பா ரத்தக்கசிவா, அறிகுறி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி மருந்து பயன் தரும் என்பதை 1995-இல் அமெரிக்காவின் நிண்ட்ஸ் ஆய்வு காட்டியபோது எல்லை மூன்று மணி நேரமாக இருந்தது. 2008-இல் எகாஸ் மூன்றாம் ஆய்வு அதை நான்கரை மணி நேரமாக நீட்டியது. அதே மருந்தை ரத்தக்கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சி.டி. ஸ்கேன் இல்லாமல் நாங்கள் ஊசியைத் தொடுவதில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு ஒரு நிமிடம் கடந்தால் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஸ்கேன் அறையின் கதவுக்கு வெளியே காத்திருக்கிறோம்.

மாரடைப்பை ரத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும் டிரோபோனின் புரதம் செய்யும் வேலையை மூளைக்குச் செய்யும் ஒரு பரிசோதனை வந்தால் நாங்கள் அனைவரும் மகிழ்வோம். ஆனால் உங்கள் பகுப்பாய்வில் நோயாளிகளுக்கு எதிரே வைக்கப்பட்டிருப்பவர்கள் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் எந்த நரம்பியல் அறிகுறியும் இல்லாத, நலமாக நடமாடும் மனிதர்கள். கை கால் நன்றாக இயங்கும் ஒருவரையும் ஒருபக்கம் செயலிழந்த ஒருவரையும் வேறுபடுத்த எனக்கு ஆர்.என்.ஏ. தேவையில்லை. எனக்குக் குழப்பம் தருபவர்கள் வேறு: வலிப்பு வந்து ஓய்ந்தபின் கை தளர்ந்து கிடப்பவர், சர்க்கரை அளவு மிகவும் இறங்கியவர், ஒற்றைத் தலைவலியோடு பேச்சுத் தடுமாறுபவர், சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வந்து பழைய பக்கவாதத்தின் பலவீனம் மீண்டும் தலைகாட்டும் முதியவர். உங்கள் ஐந்து மரபணுக்கள் இவர்களைப் பிரித்துக் காட்டுமா?

ஒரு கணக்கைச் சொல்கிறேன். சந்தேகத்தின்பேரில் வந்த 100 பேரில் 70 பேருக்கு உண்மையிலேயே பக்கவாதம் என்று வைத்துக்கொள்வோம். உணர்திறனும் குறிதிறனும் தலா 90 விழுக்காடு உள்ள பரிசோதனை, அந்த 70 பேரில் 63 பேரைப் பிடித்து 7 பேரை விட்டுவிடும். மீதி 30 பேரில் 27 பேரைச் சரியாக விலக்கும். அதாவது, “பக்கவாதம் இல்லை” என்று முடிவு வந்த 34 பேரில் 7 பேர், ஐந்தில் ஒருவர், உண்மையான நோயாளிகள். அந்தத் தாளை நம்பி நான் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டுரையில் 90 விழுக்காடு மிக உயர்ந்த எண்ணாகத் தோன்றும். அவசரப் பிரிவில் அதற்கு வேறு மதிப்பு.

கடல்தாண்டி (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்)

மருத்துவர் ஐயாவின் கேள்வி சரியானது. ஆனாலும் இந்தத் துறை வந்த வழியைத் தெரிந்துகொண்டால் நொய்யலுக்குத் தன் பட்டியல் எங்கே பொருந்துகிறது என்பது தெளிவாகும்.

மூளைத் திசுவை உயிருள்ள நோயாளியிடமிருந்து எடுக்க முடியாது. எலியின் நடுப் பெருமூளைத் தமனியை நூலிழையால் அடைத்துச் செய்த ஆய்வுகள் ஏராளம் உண்டு. அவற்றிலிருந்து மனிதருக்கு வருவது தனிப் பாடு. ஆகவே, மூளையில் நேர்ந்ததை ரத்தத்தின் வெள்ளையணுக்கள் பதிவு செய்திருக்குமா என்ற கேள்வி எழுந்தது. 2005-இல் அலிசன் பெயர்டு குழுவினர் 20 நோயாளிகளையும் 20 ஒப்பீட்டு நபர்களையும் கொண்டு ஒற்றைக்கரு ரத்த அணுக்களில் (லிம்போசைட், மோனோசைட் ஆகிய வெள்ளையணுக்களில்) 22 மரபணுக்களின் தொகுப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஃபிராங்க் ஷார்ப்பின் குழு, 15 நோயாளிகளிடம் மூன்று மணி நேரத்துக்குள்ளும், ஐந்தாம் மணியிலும், 24-ஆம் மணியிலும் ரத்தம் எடுத்து, மாற்றம் முதல் மூன்று மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றும், அது பெரும்பாலும் நியூட்ரோபில்கள், மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணு வகைகளில் நிகழ்கிறது என்றும் காட்டியது. 2010-இல் டாரா பார் குழுவினர் ஒன்பது மரபணுக்களை வெளியிட்டனர். அவற்றில் ஏ.ஆர்.ஜி.1, எம்.எம்.பி.9, எஸ்100ஏ12, எல்.ஒய்.96, சி.சி.ஆர்.7 ஆகிய ஐந்தும் உண்டு. நீங்கள் எடுத்திருக்கும் 16561 அந்த ஆய்வின் தரவுதான். ஆகவே உங்கள் பட்டியல் புதிய கண்டுபிடிப்பு அன்று. அதே தரவிலிருந்து அதே விடை மீண்டும் வந்திருக்கிறது. உங்கள் நிரல் சரியாக இயங்குகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம், அதற்கு மேல் இல்லை.

2016-இல் கிராண்ட் ஓ’கானலும் டாரா பாரும் மரபுவழிப் படிமுறை, அண்மை அயலார் முறை என்ற இரண்டு கணினித் தேர்வு முறைகளை இணைத்து, இதே 16561-இன் 39 நோயாளிகள், 24 ஒப்பீட்டு நபர்களின் தரவில் பத்து மரபணுக்களைத் தேர்ந்தார்கள். அந்தப் பத்தில் பழைய ஒன்பதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே தரவில் இரண்டு முறைகள், ஒன்றோடொன்று சேராத இரண்டு பட்டியல்கள், இரண்டும் நன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஏன் அப்படி என்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும் என்பேன்.

எண்ணளவை (உயிர்ப்புள்ளியியல் ஆசிரியர்)

கடல்தாண்டி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூன்று தொகுப்புகளைப் பாருங்கள். 16561 என்பது முழு ரத்தம், இல்லுமினா சில்லு (மரபணு வெளிப்பாட்டை அளக்கும் தகடு), நோயின் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தது. 58294 என்பது முழு ரத்தம், அஃபிமெட்ரிக்ஸ் சில்லு. இதயத்திலிருந்து ரத்தக்கட்டி வந்து அடைத்த வகை நோயாளிகள் 23 பேரிடம் மூன்று வேளைகளில் எடுத்த 69 மாதிரிகளும், ஒப்பீட்டு நபர்கள் 23 பேரும். 22255 என்பது போர்ச்சுக்கல் நாட்டில் எடுத்தது. முழு ரத்தம் அன்று, ஒற்றைக்கரு அணுக்கள் மட்டும். அதைவிட முக்கியமாக, அந்த 20 நோயாளிகளுக்கும் பக்கவாதம் வந்து குறைந்தது ஆறு மாதம் ஆகியிருந்தது. தொகுப்பின் விளக்கப் பக்கத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் தேடியது யாருக்கு நோய் வரக்கூடும் என்பதை, இப்போது நோய் வந்திருக்கிறதா என்பதை அன்று. அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் தரவைத் தீவிர நிலைத் தரவோடு கலந்து, இரண்டு பக்கமும் “பக்கவாதம்” என்று ஒரே பெயர்ச்சீட்டை ஒட்டுவதுதான் தவறு. ஒற்றைக்கரு அணுக்களைப் பிரித்தெடுக்கும்போது நியூட்ரோபில்கள் கழிந்துவிடுகின்றன. ஏ.ஆர்.ஜி.1, எம்.எம்.பி.9 இரண்டும் முதன்மையாக நியூட்ரோபில்களிலிருந்து வருபவை. ஒரு தொகுப்பில் அந்த அணுவே இல்லாதபோது, காம்பேட் எதைச் சரிசெய்யும்? தொகுதி வேறுபாடு என்று அது அழிப்பதில் உயிரியல் வேறுபாடும் சேர்ந்தே அழியும்.

அடுத்து 58294-இல் இரண்டு பொறிகள் உள்ளன. 69 மாதிரிகள் என்பவை 69 மனிதர்கள் அல்லர். ஒருவரின் மூன்று மாதிரிகளில் இரண்டு பயிற்சிப் பக்கமும் ஒன்று சோதனைப் பக்கமும் போனால், நிரல் நோயை அடையாளம் காண்கிறதா அந்த ஆளை அடையாளம் காண்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரிதான் மருந்துக்கு முந்தையது. ஐந்தாம் மணி, 24-ஆம் மணி மாதிரிகள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உடலில் சென்ற பிறகு எடுத்தவை. அவற்றில் தெரியும் மாற்றத்தில் நோயின் பங்கு எது, மருந்தின் பங்கு எது என்று பிரிக்க இயலாது.

இனி உங்கள் வளைகோட்டுப் பரப்பளவு. 20,000 மரபணுக்களை 0.05 என்ற எல்லையில் சோதித்தால், எந்த வேறுபாடுமே இல்லாத தரவிலும் ஏறத்தாழ 1,000 மரபணுக்கள் தேறிவிடும். இதற்காகத்தான் பெஞ்சமினி–ஹோக்பெர்க் திருத்தத்தைப் பயன்படுத்துகிறோம், நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். அதைத் தாண்டிய சிக்கல் ஒன்று உண்டு. முழுத் தரவையும் பார்த்து மரபணுக்களைத் தேர்ந்துவிட்டு, பிறகு அதே தரவைப் பத்தாகப் பிரித்துக் குறுக்குச் சோதனை செய்தால் (ஒன்பது பகுதிகளில் பயிற்றி, எஞ்சிய ஒன்றில் சோதித்தால்), சோதனைக்கு வைத்த பகுதியின் விடை ஏற்கெனவே தேர்வுக்குள் கசிந்திருக்கும். 2002-இல் ஆம்ப்ராய்ஸ், மெக்லாக்லன் இருவரும் இதைச் சில்லுத் தரவில் தெளிவாகக் காட்டினார்கள்: பிழையே இல்லாததுபோல் தோன்றிய வகைப்படுத்திகள், மரபணுத் தேர்வையும் குறுக்குச் சோதனைக்குள் கொண்டுவந்ததும் பிழை காட்டத் தொடங்கின. நீங்களே செய்து பார்க்கலாம். நோயாளி, ஒப்பீட்டு நபர் என்ற பெயர்ச்சீட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் போட்டு, உங்கள் நிரலை முதலிலிருந்து முடிவு வரை ஓட்டுங்கள். பரப்பளவு அரைக்கு அருகே வர வேண்டும். 0.8, 0.9 என்று வந்தால் கசிவு இருக்கிறது.

கடைசியாக, 16561-இல் நோயாளிகள் ஒப்பீட்டு நபர்களைவிட வயதில் மூத்தவர்கள். வயது ஏற ஏற லிம்போசைட்டுகளின் தன்மை மாறும், சி.சி.ஆர்.7 சுமக்கும் இளம் டி அணுக்கள் குறையும். உங்கள் சி.சி.ஆர்.7 இறக்கத்தில் எவ்வளவு பக்கவாதம், எவ்வளவு முதுமை?

ஆய்வகச்சாளரம் (மூலக்கூறு ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்)

நான் மாதிரிகளோடு பழகுபவன். சகோதரி நொய்யல் கணினியில் பார்க்கும் எண், குழாயில் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லி விடுகிறேன்.

முழு ரத்த ஆர்.என்.ஏ.வுக்குப் பெரும்பாலும் பாக்ஸ்ஜீன் குழாயைப் பயன்படுத்துகிறோம். அதற்குள் 6.9 மில்லி லிட்டர் நிலைநிறுத்தும் கரைசல் இருக்கும்; 2.5 மில்லி ரத்தம் உள்ளே வர வேண்டும். மற்றக் குழாய்களையெல்லாம் நிரப்பிவிட்டு இதைக் கடைசியாக எடுப்பது வழக்கம். கரைசல் நரம்புக்குள் திரும்பிப் போகாமல் இருக்க, கையை விடத் தாழ்வாகக் குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். எடுத்தவுடன் எட்டு முதல் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. அவசரப் பிரிவின் பரபரப்பில் இந்தக் கவிழ்த்தல்தான் முதலில் விடுபடுகிறது. அப்படி விட்டால், கரைசல் படாத அணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கள் வெளிப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்கும். சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து மேசைமேல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்த ரத்தத்தில் அழற்சி மரபணுக்கள் ஏறியிருப்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நோயாளியின் மாதிரி நள்ளிரவில் வந்து காலை வரை காத்திருந்து, நலமானவரின் மாதிரி பகலில் உடனே பிரிக்கப்பட்டால், அந்த வேறுபாடு கணினிக்குப் பக்கவாதமாகத்தான் தெரியும்.

மற்றொன்று: முழு ரத்தத்தின் தூது ஆர்.என்.ஏ.வில் 70 விழுக்காடு வரை சிவப்பணுக்களின் குளோபின் இருக்கக்கூடும். அதை நீக்கினார்களா இல்லையா என்று ஒவ்வொரு தொகுப்பிலும் பாருங்கள். நுண் ஆர்.என்.ஏ. பக்கம் போவதாக இருந்தால், பிளாஸ்மாவில் சிவப்பணு உடைந்த மாதிரிகளில் மிர் 451 என்ற நுண் ஆர்.என்.ஏ. ஏறித் தெரியும். அதை நோயின் அடையாளமாக எழுதிவிடக் கூடாது.

நொய்யல்

அனைவருக்கும் மிக்க நன்றி. பெயர்ச்சீட்டுகளைக் கலைத்து ஓட்டிப் பார்க்கிறேன். 22255-ஐ இணைப்பிலிருந்து விலக்குகிறேன். எண்ணளவை அவர்களே, ஒரு கேள்வி. நியூட்ரோபில் எண்ணிக்கை ஏறி லிம்போசைட் எண்ணிக்கை இறங்கியதாலேயே என் மரபணுக்கள் ஏறி இறங்கியிருக்கலாம் என்று புரிகிறது. ஆனால் இந்தத் தொகுப்புகளில் ரத்த அணு எண்ணிக்கை தரப்படவில்லை. அப்படியிருக்க அதை எப்படிச் சோதிப்பது?

எண்ணளவை

சைபர்சார்ட் போன்ற முறையால் ஒவ்வொரு மாதிரியிலும் எந்த வகை வெள்ளையணு எவ்வளவு பங்கு என்று வெளிப்பாட்டிலிருந்தே மதிப்பிடலாம். அதன் அடிப்படைப் பட்டியலில் 22 வகை அணுக்கள் உள்ளன. மதிப்பிட்ட நியூட்ரோபில், லிம்போசைட் பங்குகளை லிம்மாவின் கணக்கீட்டு மாதிரியில் (மாடலில்) துணை மாறிகளாகச் சேர்த்து, எந்த மரபணுக்கள் தப்பி நிற்கின்றன என்று பாருங்கள். அதற்கு முன் ஓர் எளிய வரைபடம் போடுங்கள்: கிடையச்சில் மதிப்பிட்ட நியூட்ரோபில் பங்கு, நிமிரச்சில் ஏ.ஆர்.ஜி.1 அளவு, நோயாளிக்கு ஒரு நிறம், ஒப்பீட்டு நபருக்கு ஒரு நிறம். இரண்டு நிறப் புள்ளிகளும் ஒரே கோட்டின்மேல் மேலும் கீழுமாக விழுந்தால், அந்த மரபணு அணு எண்ணிக்கைக்கு மேல் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நோயாளிகளின் புள்ளிகள் தனிக் கோடாக மேலே நின்றால், அணுவுக்குள்ளேயே ஏதோ மாறியிருக்கிறது என்று மேற்கொண்டு பார்க்கலாம்.

ஓ’கானலே பின்னாளில் தம் குறிப்பான்களை இப்படிச் சோதித்து, முழு ரத்தத்தில் தெரிந்த மாற்றத்தைப் பெருமளவு இயக்குவது வெள்ளையணுக்களின் எண்ணிக்கை மாற்றமே என்று வெளியிட்டார். தம் சொந்தக் கண்டுபிடிப்பை இவ்வளவு கடுமையாகச் சோதித்துப் பார்த்தவரின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. கடல்தாண்டி குறிப்பிட்ட, ஒன்றோடொன்று சேராத இரண்டு பட்டியல்களுக்கும் விளக்கம் இதில் இருக்கிறது. நியூட்ரோபிலில் மிகுதியாக உள்ள மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, லிம்போசைட்டில் மிகுதியாக உள்ளவையும் அப்படியே. எவற்றில் ஐந்தைப் பொறுக்கினாலும் அதே விகிதத்தைத்தான் அளக்கிறோம்.

அப்படியானால் உங்கள் மரபணுத் தொகுப்பு வெல்ல வேண்டிய போட்டியாளர் வேறொரு மரபணுத் தொகுப்பு அன்று. எல்லா மருத்துவமனைகளிலும் எடுக்கும் முழு ரத்த அணு எண்ணிக்கைதான் உங்கள் போட்டியாளர். நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். அதைவிட உங்கள் ஐந்து மரபணுக்கள் எவ்வளவு கூடுதலாகச் சொல்கின்றன என்ற ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் மதிப்புரைக்கு எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடல்தாண்டி

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். எண்ணிக்கை மாற்றத்தை வெறும் இரைச்சல்போலப் பேசுவது சரியன்று. பக்கவாதத்தில் நியூட்ரோபில்கள் ஏறுவதும் லிம்போசைட்டுகள் இறங்குவதும் நோயின் உயிரியல்தான்; பின்னால் வரும் நுரையீரல் தொற்றுக்கும் அந்த நோய்எதிர்ப்புச் சரிவுக்கும் தொடர்பு இருக்கிறது. மேலும், ஷார்ப் குழுவினர் நியூட்ரோபில்களையும் மோனோசைட்டுகளையும் தனித்தனியே பிரித்து ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தியபோதும் நேரத்துக்கு நேரம் மாறும் வெளிப்பாடுகள் தெரிந்தன. 2023-இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஒரே மரபணு முதல் நாளில் ஒரு திசையிலும் பின்னர் வேறு திசையிலும் போகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. ஆகவே எல்லாமே அணு எண்ணிக்கை என்று முடித்துவிட முடியாது.

எண்ணளவை

உடன்படுகிறேன். நோயின் பகுதியாக இருப்பது ஒன்று, நோயைத் தனித்துக் காட்டுவது வேறொன்று என்பது மட்டுமே என் வாதம். மாரடைப்பு, நிமோனியா, எலும்பு முறிவு, கடும் வலிப்பு என உடலுக்குப் பேரதிர்ச்சி தரும் எதிலும் அந்த விகிதம் ஏறும். தனித்தனி அணுக்களில் செய்த ஆய்வுகளை நான் மிகவும் வரவேற்கிறேன். நொய்யல் தப்பி நிற்கும் மரபணுக்களை அவற்றோடு ஒப்பிடலாம்.

முத்துநகர்

நான் ஆய்வாளன் அல்லன். என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. எனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது. இந்த மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனையை நான் இப்போதே பணம் கட்டிச் செய்துகொண்டு முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

வைகைக்கரை

ஐயா, இல்லை. இந்த இழையில் பேசப்படுபவை, பக்கவாதம் வந்த முதல் மணிநேரங்களில் ரத்தத்தில் தெரியும் மாற்றங்கள். வருமுன் சொல்லும் சோதனைகள் அல்ல. ஆராய்ச்சியைத் தாண்டி அன்றாடச் சிகிச்சை நெறிகளில் அவை இடம்பெறவும் இல்லை. உங்கள் பணத்தை இதில் செலவிட வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதும், நாடித் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துவதும் உங்களுக்கு இன்றே பயன் தரும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது திடீரென்று வந்தாலும் வீட்டில் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நொய்யலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தத்தில் பக்கவாதக் குறிப்பானைத் தேடுவது ஆர்.என்.ஏ.வோடு தொடங்கியது அன்று. எம்.எம்.பி.9, பி.என்.பி., டி-டைமர், எஸ்100பி ஆகிய புரதங்களைச் சேர்த்துப் பார்த்த பிரெயின் ஆய்வு 2009-இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட, உண்மையிலேயே சந்தேகத்தோடு வந்த நோயாளிகளில் சோதித்தார்கள். முடிவு ஓரளவுக்குத்தான் இருந்தது, சோதனை நடைமுறைக்கு வரவில்லை. மாறாக, ஜி.எஃப்.ஏ.பி. என்ற ஒற்றைப் புரதம் நம்பிக்கை தந்தது. மூளையில் ரத்தம் கசியும்போது அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் அணுக்கள் உடனடியாகச் சிதைந்து அந்தப் புரதம் ரத்தத்துக்குள் கொட்டுகிறது. அடைப்பில் அணுக்கள் சாவதற்குச் சில மணி நேரம் எடுப்பதால் புரதம் தாமதமாகவே ஏறுகிறது. 2012-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 205 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், நான்கரை மணி நேரத்துக்குள் கசிவையும் அடைப்பையும் அது நன்றாகப் பிரித்துக் காட்டியது. ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் விளக்க முடிகிறது பாருங்கள். ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, படியெடுத்து, பெருக்கி அளக்கப் பல மணி நேரம் ஆகும் நிலையில், முதல் நான்கரை மணி நேரத்துக்கான ஓட்டத்தில் அது புரதத்தோடு போட்டியிடுவது கடினம்.

நொய்யல்

அப்படியென்றால், மருத்துவர் ஐயா, மரபணு வெளிப்பாட்டுக்கு உங்கள் பார்வையில் இடமே இல்லையா?

வைகைக்கரை

இருக்கிறது, அவசரம் தணிந்த பிறகு. அடைப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்தா, இதயத்திலிருந்தா, மூளைக்குள்ளிருக்கும் சிறு குழாயிலேயேவா? எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் நாலில் ஒருவருக்குக் காரணம் தெரியாமலே போகிறது. இதயத்திலிருந்து வந்த கட்டி என்றால் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, இல்லையென்றால் ஆஸ்பிரின் போன்ற தட்டணு மருந்து. இந்தத் தீர்மானத்துக்கு எங்களிடம் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நேரம் இருக்கிறது. கிளென் ஜிக்லிங், ஷார்ப் குழுவினர் 2010-இல் இதய வகையையும் பெருங்குழாய் வகையையும் ரத்த வெளிப்பாட்டால் பிரித்துக் காட்டினார்கள். ஒப்பிடப்பட்ட இரண்டு பக்கமும் பக்கவாத நோயாளிகளே. உடல் அதிர்ச்சியின் பங்கு இரு பக்கமும் இருப்பதால், அந்த ஒப்பீட்டில் எண்ணளவை சொன்ன சிக்கல் பெருமளவு குறைகிறது. கட்டி கரைக்கும் மருந்துக்குப் பின் யாருக்குக் கசிவு உண்டாகும் என்று 2013-இல் அவர்கள் கேட்ட கேள்வியும் எனக்குப் பிடித்த கேள்வி.

ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். காரணம் தெரியாத அடைப்பு நோயாளிகள் எல்லோருக்கும் உறைவுத்தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த நாவிகேட், ரீஸ்பெக்ட் என்ற இரு பெரிய ஆய்வுகளும் 2018, 2019-இல் ஆஸ்பிரினைவிடக் கூடுதல் பயனைக் காட்டவில்லை. சரி, இதயக் கோளாற்றின் குறிப்பான் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுப்போம் என்று ஆர்கேடியா ஆய்வில் இ.சி.ஜி. அளவு, என்.டி. புரோ-பி.என்.பி., இடது மேலறையின் அளவு ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தார்கள். 2024-இல் வந்த முடிவிலும் அபிக்சபான் என்ற உறைவுத்தடுப்பு மருந்து ஆஸ்பிரினை வெல்லவில்லை. குறிப்பான் ஒரு கூட்டத்தைப் பிரித்துக் காட்டலாம். அந்தக் கூட்டத்துக்கு மருந்து வேலை செய்யும் என்பது தானாக வந்துவிடாது.

நொய்யல்

பெயர்ச்சீட்டுகளைக் கலைத்து ஓட்டினேன். மரபணுத் தேர்வு குறுக்குச் சோதனைக்கு வெளியே இருந்தபோது, கலைத்த தரவிலும் பரப்பளவு மிக உயரமாகவே வந்தது. தேர்வை உள்ளே கொண்டுவந்ததும் அரைக்கு அருகில் இறங்கியது. உண்மையான பெயர்ச்சீட்டுகளோடு ஓட்டினால் பரப்பளவு இன்னும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஏ.ஆர்.ஜி.1 வரைபடத்தில் இரண்டு நிறங்களும் பெரும்பாலும் ஒரே கோட்டில்தான் விழுகின்றன.

ஆகவே ஆய்வேட்டின் கேள்வியை மாற்றி எழுதி என் வழிகாட்டியிடம் கொடுத்திருக்கிறேன். அணுப் பங்குகளைக் கணக்கில் எடுத்தபின் எந்த வெளிப்பாட்டு மாற்றங்கள் எஞ்சுகின்றன என்பதே இப்போது கேள்வி. 16561-இல் தேர்ந்து, 58294-இன் மூன்று மணி நேர மாதிரிகளில் மட்டும் சோதிப்பதாகத் திட்டம். இரண்டு சில்லுகளும் வேறாக இருப்பதால், இணைக்காமல் எப்படிச் சோதிப்பது என்பதில் மட்டும் ஐயம் இருக்கிறது.

எண்ணளவை

இணைக்கவே வேண்டாம். 16561-இல் மரபணுக்களையும் அவற்றின் எடைகளையும் முடிவு செய்து பூட்டிவிடுங்கள். 58294-இல் ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் மரபணுக்களைத் தரவரிசைப்படுத்தி, அந்த வரிசை எண்ணிலிருந்து மதிப்பெண் கணக்கிடுங்கள். சில்லின் அளவுகோல் வேறாக இருந்தாலும் மாதிரிக்குள் உள்ள வரிசை பெருமளவு ஒப்பிடத்தக்கது. இன்னும் எளிமையாக, இரண்டு மரபணுக்களில் எது உயர்ந்தது என்ற இணை ஒப்பீட்டையும் பயன்படுத்தலாம். எந்த முறையானாலும் 58294-ஐத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தாதீர்கள். நோயாளிகள் 23, ஒப்பீட்டு நபர்கள் 23 என்பதால் நம்பக இடைவெளி அகலமாகத்தான் வரும். அதை மறைக்காமல் அச்சிடுங்கள். அணுப் பங்குகளை மட்டும் கொண்ட கணக்கீட்டு மாதிரி (மாடல்) ஒன்றையும் அருகிலேயே வைத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கும் இடைவெளி கொடுங்கள்.

ஆய்வகச்சாளரம்

சகோதரி, எஞ்சும் மரபணுக்களின் பட்டியல் வந்ததும் இங்கே பதியுங்கள். மூன்று நான்கு மரபணுக்கள்தான் என்றால் கியூ.பி.சி.ஆர். (ஒவ்வொரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வையும் தனியே அளக்கும் சோதனை) செய்வது பெரிய செலவு ஆகாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஏதேனும் ஒரு மருத்துவமனை ஒத்துழைத்தால், அதற்கு வேண்டிய தொடர்முனைகளை (பிரைமர்களை) வடிவமைக்க நான் உதவுகிறேன். அப்போது ஒப்பீட்டு மரபணுவாக வழக்கம்போல ஆக்டினை எடுத்துவிட வேண்டாம். வெள்ளையணு விகிதம் மாறும்போது முழு ரத்தத்தில் அதுவும் அசையும். எந்த மரபணு அசையாமல் நிற்கிறது என்பதை 16561-இலேயே முதலில் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை

மாதிரி எடுக்கும் நாள் வந்தால், வலிப்பு நோயாளிகளையும் காய்ச்சலோடு வந்த முதியவர்களையும் ஒப்பீட்டுப் பக்கத்தில் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஒவ்வொரு குழாயின்மேலும் அறிகுறி தொடங்கிய நேரம், ரத்தம் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்றைய ரத்த அணு எண்ணிக்கைத் தாளின் படியும் அதனோடு போக வேண்டும்.